ஆசியாவோட ஸ்டார்ட்அப் ஃபவுண்டர்கள் பேட்டியை நம்பி ஏதாச்சும் கத்துக்க முடியுமா?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். ரெண்டு வருஷமா வேலைக்குப் போற பஸ்ல தினமும் ஒரு பேட்டி கேக்குறீங்க, சிங்கப்பூர், ஜகார்த்தா, பெங்களூரு, ஷாங்காய்னு ஊர் ஊரா டெக் கம்பெனி ஆரம்பிச்சவங்க, பெரிய பிசினஸ் நடத்துறவங்க பேசுறாங்க, கேக்கும்போது உற்சாகமா இருக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்குள்ள நுழையுறதுக்குள்ள ஒண்ணும் ஞாபகத்துல இல்ல, எல்லாரும் ஒரே மாதிரி பேசுற மாதிரி இருக்கு, இதுல கத்துக்க நிஜமா ஏதாச்சும் இருக்கா இல்ல எல்லாமே விளம்பரமான்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில உங்க ஊர்ல தொழில் பண்றவங்களை நீங்களே உக்காரவெச்சுப் பேட்டி எடுக்க ஆசைப்படுறதாவும் எழுதியிருக்கீங்க. எனக்கு இதுல ரெண்டு கேள்வி தெரியுது. இவங்க பொய் சொல்றாங்களாங்கறது ஒண்ணு. பொய் சொல்லலேன்னா, ரெண்டு மணி நேரம் கேட்டும் ஏன் கையில ஒண்ணும் நிக்கலங்கறது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவது கேள்விதான் பெருசாப் படுது.

நான் சிங்கப்பூர்ல ஒரு வணிகப் பத்திரிகையில 16 வருஷம் வேலை பாத்தேன். அதுல பாதிக்கு மேல பேட்டிக்கு முந்தின வேலையும் பிந்தின வேலையும்தான். வரப்போற ஆளைப் பத்திப் படிச்சு கேள்வி எழுதிக் குடுக்குறது, அப்புறம் ரெக்கார்டிங்கை ஹெட்ஃபோன்ல போட்டு ஒரு வார்த்தை விடாம டைப் பண்றது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, இந்தியா ஆளுங்க பேச்சை நேரடியா கேட்டுப் பழகினவன். சீனா, ஜப்பான், தைவான் ஆளுங்ககிட்ட மொழிபெயர்ப்பாளரை நடுவுல வெச்சுத்தான் பேசியிருக்கேன், அதனால அந்த நாடுகளைப் பத்தி நான் சொல்றதை கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கோங்க.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமா சொல்லிடலாம். பெரும்பாலும் பொய் சொல்றதில்ல. நூத்துக்கணக்கான தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பான கதையைச் சொல்றாங்க. ஃபண்ட் கேக்கப் போற இடத்துல, ஆள் எடுக்கும்போது, காலேஜ் விழாவுல, பத்திரிகையில, எல்லா இடத்துலயும் "எப்படி ஆரம்பிச்சீங்க"ன்னுதான் கேக்குறாங்க, அவங்களும் சொல்றாங்க, ஒவ்வொரு தடவையும் கேக்குறவங்க முகம் எந்த இடத்துல மலருதோ அது கதையில தங்குது, எங்க கொட்டாவி வருதோ அது உதிர்ந்துடுது. பத்து வருஷம் இப்படி ஓடினா மிச்சம் இருக்குறது உண்மைதான், ஆனா அதுல நமக்கு வேண்டிய பாகம் உதிர்ந்து போயிருக்கும். டைப் பண்ணிப் பழகினவங்களுக்கு இது காதுலயே தெரியும். பழக்கப்பட்ட பதில்ல "ம்ம்" கிடையாது, திருப்பிச் சொல்றது கிடையாது, வாக்கியம் பாதியில நிக்காது. இது என் காது அனுபவம், ஆராய்ச்சி முடிவு கிடையாது, ஆனா நீங்களும் ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க.

நமக்குத் தெரிஞ்ச உதாரணமே எடுத்துக்கலாம். கஸ்டமர் புகாரைக் கவனிக்கிற சாஃப்ட்வேர் (ஹெல்ப்டெஸ்க்) விக்குற ஃப்ரெஷ்வொர்க்ஸை ஆரம்பிச்ச கிரீஷ் மாத்ருபூதம் சொல்ற டிவி கதை. அமெரிக்காவுல இருந்து சென்னைக்குத் திரும்பி வரும்போது சாமானோட சேத்து அனுப்பின டிவி உடைஞ்சு வந்துச்சு, இன்சூரன்ஸ் பணத்துக்கு மாசக்கணக்கா அலைஞ்சாரு, கடைசியில ஆன்லைன்ல எழுதிப் போட்டப்புறம்தான் நியாயம் கிடைச்சுது, அப்புறம் 2010ல ஒரு போட்டிக் கம்பெனி விலையை ஏத்தினதைப் பத்தி நெட்ல நடந்த விவாதத்தைப் படிச்சாரு, கம்பெனி பிறந்துச்சு. 2021 செப்டம்பர்ல அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு. கதை முழுக்க உண்மை. ஆனா இதை மட்டும் கேட்டுட்டு, ஒரு டிவி உடைஞ்சா ஒரு ஐடியா வரும், ஐடியா வந்தா கம்பெனி வரும்னு எடுத்துக்கிட்டா ஏமாந்துடுவோம். அந்த டிவி உடையுறதுக்கு முன்னாடியே பல வருஷம் சோஹோவுல இதே ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர் வேலையைப் பாத்தவர் அவர். யாரு வாங்குவாங்க, எவ்வளவு குடுப்பாங்க, எந்த இடத்துல கஸ்டமருக்கு எரிச்சல் வரும்னு எல்லாம் கையில இருந்துச்சு. அவர் அதை மறைக்கவே இல்ல, பல இடத்துல சொல்லியிருக்காரு. கேக்குறவங்க மனசுல டிவி மட்டும் தங்கிடுது.

தென்கிழக்கு ஆசியாவுல ஆப்ல டாக்சி கூப்பிட வைக்கிற கிராப் கம்பெனியும் இப்படித்தான். 2012ல கோலாலம்பூர்ல மைடெக்சிங்கற பேர்ல ஆரம்பிச்சாங்க, ஆந்தனி டானும் டான் ஹூய் லிங்கும், ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க. ராத்திரியில டாக்சி ஏற பெண்கள் பயப்படக்கூடாதுங்கறதுதான் ஆரம்பம்னு சொல்வாங்க, அந்த அக்கறை நிஜம்னு நான் நம்புறேன். ஆனா அதே ஆந்தனி டான், மலேசியாவுல நிசான் கார்களை அசெம்பிள் பண்ணி விக்குற டான் சோங் குடும்பத்துப் பையன். அந்தக் குடும்பத்துல பிறந்தவருக்கு அந்த ஊர்ல வண்டித் தொழில் எப்படி ஓடும், யாரைப் பாக்கணும், எந்தக் கதவைத் தட்டணுங்கறதெல்லாம் சாப்பாட்டு மேஜையிலயே காதுல விழுந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், இது என் ஊகம். ஆசியாவுல ஃபவுண்டர் கதை கேக்கும்போது குடும்பம் எங்க இருக்குன்னு நீங்களே தேடிப் பாக்கணும். சொந்தக்காரங்க குடுத்த முதல், அப்பா பேருக்கு பேங்க்ல இருக்குற மரியாதை, மாமாவோட காலி கட்டடம், இதெல்லாம் யாரும் மறைக்கறதில்ல, கேட்டா சொல்லிடுவாங்க. பேட்டி எடுக்குறவர் கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

இப்ப ரெண்டாவது கேள்வி. கையில நிக்குற மாதிரி ஒரு பேச்சு எப்படி இருக்கும்னா, ஒண்ணு சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி சுரபாயாவுல ஒரு சின்ன டெலிவரி கம்பெனி நடத்துறவரைப் பாக்கப் போயிருந்தோம். முதல் 40 நிமிஷம் எல்லாரும் சொல்றதையே சொன்னாரு, இந்தோனேசியாவுல இத்தனை ஆயிரம் தீவு, இத்தனை கோடி ஜனம், நடுத்தர வர்க்கம் வளருது. என் சகா சும்மா கேட்டாரு, ஆரம்பத்துல கஸ்டமர் எதுக்கு அதிகமா திட்டினாங்கன்னு. மனுஷன் நிமிர்ந்து உக்காந்துட்டாரு. டேப்புன்னாரு. அட்டைப்பெட்டி ஒட்டுற பிரௌன் டேப். மழை சீசன்ல குடோன்ல ஈரக்காத்து, அட்டை நமத்துப் போகுது, விலை குறைஞ்ச டேப்போட பசை பிடிக்கல, மோட்டார் பைக் பின்னாடி கட்டி எடுத்துட்டுப் போறப்ப பெட்டி வாயைத் திறந்துடுது, உள்ள இருக்குற சாமான் நனைஞ்சா காசு திருப்பிக் குடுக்கணும். அஞ்சு வகை டேப் வாங்கி, குடோன் வாசல்ல ஒரு பெட்டி, உள்ள ஒரு பெட்டி, பைக்ல ஒரு பெட்டின்னு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பாத்திருக்காரு. எழுந்து போய் அலமாரியில இருந்து ஒரு டேப் சுருளை எடுத்துட்டு வந்து எங்க கையில குடுத்து, நகத்தால கீறிப் பாருங்கன்னாரு. 20 நிமிஷம் டேப் பத்தியே பேசினாரு. பக்கத்துல இருந்த, பத்திரிகைக்காரங்களைக் கவனிச்சுக்கற பிஆர் அம்மா மூணு தடவை மணி பாத்தாங்க. அச்சுல வந்தப்ப அந்த 20 நிமிஷமும் போயிடுச்சு, தீவும் நடுத்தர வர்க்கமும் மட்டும் வந்துச்சு. எனக்கு இன்னைக்கும் அது வருத்தம்தான்.

நான் இதைத்தான் தேடச் சொல்றேன். வேலையைக் கையால தொட்டவங்ககிட்ட மட்டும் வரக்கூடிய பேச்சு. பொருள் பேர் வரும், விலை வரும், யாரு திட்டினாங்கன்னு வரும், முதல்ல என்ன பண்ணி அது ஏன் சரிப்படலன்னு வரும். இந்தோனேசியாவோட பைக் டாக்சி கம்பெனி கோஜெக் 2010ல ஆப்பே இல்லாம ஜகார்த்தாவுல ஒரு கால் சென்டரும் 20 மோட்டார் பைக் டிரைவர்களுமா ஆரம்பிச்சாங்க, ஆப் வந்தது 2015 ஜனவரியிலதான். நடுவுல அஞ்சு வருஷம் போன்ல ஆர்டர் எடுத்து, டிரைவரைக் கூப்பிட்டு, அவர் எங்க இருக்காருன்னு விசாரிச்சுன்னு ஓடியிருக்கு. அந்த அஞ்சு வருஷத்தைப் பத்தி யாராவது பேசுற பேட்டி கிடைச்சா காதை நல்லாத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. ஆப் வந்ததுக்கு அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சது.

ஆனா இங்க ஒரு பெரிய எச்சரிக்கை சொல்லியாகணும், ஏன்னா பல வருஷம் இந்த டேப் மாதிரி விஷயத்தையே அளவுகோலா வெச்சிருந்த எனக்கு 2025 ஜனவரியில பலமா அடி விழுந்துச்சு. இந்தோனேசியாவுல ஈஃபிஷரின்னு ஒரு கம்பெனி, மீன் குளத்துக்குத் தானா தீனி போடுற மெஷின் பண்ணினவங்க. ஆரம்பிச்ச ஜிப்ரான் ஹுசைஃபா காலேஜ் படிக்கும்போதே குளம் வாடகைக்கு எடுத்து கெளுத்தி வளத்தவர். தீனிச் செலவு என்ன, மீனுக்குப் பசி எப்ப வரும், வேலையாள் தீனியைத் திருடினா எப்படித் தெரியும்னு அவருக்கு எல்லாம் அத்துப்படி. என் அளவுகோல்ல முழு மார்க். 2023ல கம்பெனி மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டுச்சு. அப்புறம் முதலீட்டாளர்கள் ஆள் போட்டு விசாரிச்சா, வருமானத்துல முக்கால்வாசி பொய்க் கணக்குன்னு அறிக்கை வந்துச்சு. 4 லட்சத்துக்கு மேல மெஷின் ஓடுதுன்னு சொல்லியிருந்தாங்க, விசாரணையில தெரிஞ்சது சுமார் 24,000. முதலீட்டாளருக்குக் காட்ட ஒரு கணக்கு, உள்ளுக்கு ஒரு கணக்கு. கணக்கைத் திரிச்சதை அவரே பின்னாடி ஒப்புக்கிட்டாரு. கெளுத்திக் குளம் உண்மை, மெஷின் உண்மை, மீனைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எல்லாம் உண்மை, எண்ணிக்கை மட்டும் பொய். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் இப்படிப் பிரிச்சு வெச்சிருக்கேன். ஒருத்தருக்குத் தன் வேலை தெரியுமா தெரியாதான்னு பேச்சுல கண்டுபிடிச்சுடலாம், இது எனக்கு ஓரளவு உறுதி. அந்த பிசினஸ் நிக்குதா நிக்கலையாங்கறதை பேச்சுல கண்டுபிடிக்கவே முடியாது, இது முழு உறுதி. ஆள் நல்லவரா கெட்டவரான்னு பேட்டியில தெரியுங்கறது ரொம்பச் சந்தேகம். ஜப்பான் முதலீட்டுக் கம்பெனி சாஃப்ட்பேங்க்கோட மசயோஷி சோன், சீனாவுல அலிபாபாங்கற ஆன்லைன் வியாபாரக் கம்பெனியை ஆரம்பிச்ச ஜாக் மாவை சில நிமிஷம் பாத்துட்டு, கண்ணுல இருந்த தீவிரத்தை நம்பி 2000ல அதுல 2 கோடி டாலர் போட்ட கதையை எல்லாரும் சொல்வாங்க. அதே சோன்தான் 2019 நவம்பர்ல, தான் பணம் போட்ட வீவொர்க்குங்கற ஆபீஸ் வாடகைக் கம்பெனி விஷயத்துல என் கணிப்பு மோசமா இருந்துச்சுன்னு வெளிப்படையா சொன்னாரு. அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே ஒரு தடவை பலிச்சு ஒரு தடவை தப்பிப் போச்சு. ரெக்கார்டிங் கேக்குற நமக்கு பேசுறவரோட கண்ணும் தெரியாது.

எண் வரும்போது என்ன பண்ணணும்னா, பேட்டியை நிறுத்திட்டு பேப்பர்ல எழுதிக்கோங்க, அது என்ன எண்ணுன்னு. அதிகம் காதுல விழுறது ஜிஎம்வி, அதாவது கம்பெனி வழியா வித்த சரக்கோட மொத்த மதிப்பு. ஒரு ஆன்லைன் கடை வழியா ஒருத்தர் 1,000 ரூபாய்க்கு சுடிதார் வாங்குறாங்கன்னு வைங்க. கம்பெனிக்குக் கமிஷன் 60 ரூபாய். வாங்க வைக்கக் குடுத்த கூப்பன் 80 ரூபாய். ஆக கையை விட்டுப் போனது 20 ரூபாய், டெலிவரிச் செலவு தனி. ஜிஎம்வி கணக்குல இது 1,000 ரூபாய். திருப்பி அனுப்பின சுடிதாரையும் சேத்துக் கணக்குக் காட்டுறவங்க உண்டு. ஒருத்தர் பேட்டியில "இந்த வருஷம் ரெண்டு மடங்கு வளந்துட்டோம்"னு சொன்னா அது பொய்யா இருக்கணும்னு அவசியமே இல்ல, எது ரெண்டு மடங்குன்னுதான் கேக்கணும். லிஸ்ட் ஆன கம்பெனின்னா பதில் பேப்பர்ல இருக்கு. அமெரிக்காவுல லிஸ்ட் பண்றவங்க குடுத்த ஆவணம் எல்லாம் அங்க பங்குச்சந்தை ஆணையத்தோட எட்கர் தளத்துல இலவசம், இந்தியக் கம்பெனிகளோட வரைவு ஆவணம் செபி தளத்துல இருக்கு. அதுல ரிஸ்க்னு ஒரு அத்தியாயம் வரும், வக்கீல் எழுதினது, படிக்க வறட்சியா இருக்கும், ஆனா ஃபவுண்டர் எந்தப் பேட்டியிலயும் சொல்லாததை அதுல சொல்லியே ஆகணும். சொந்தக்காரங்க கம்பெனியோட என்ன கொடுக்கல் வாங்கல்னு ஒரு பகுதி இருக்கும், அதையும் விட்டுடாதீங்க. கம்பெனிகளுக்குள்ள நியாயமான போட்டி நடக்குதான்னு பாக்குற அரசாங்கப் போட்டி ஆணையங்களோட உத்தரவுகளும் நல்ல படிப்பு. 2018 மார்ச்சுல ஊபர் தன் தென்கிழக்கு ஆசிய பிசினஸை கிராப்கிட்ட குடுத்துட்டு 27.5 சதவீதப் பங்கு வாங்கிக்கிச்சு. இதைப் பத்திப் பேட்டிகள்ல வெற்றி தோல்வின்னு கேட்டிருப்பீங்க. அதே வருஷம் செப்டம்பர்ல சிங்கப்பூர் போட்டி ஆணையம் ரெண்டு பேருக்கும் சேத்து சுமார் 1.3 கோடி சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டு, கட்டணம் 10 முதல் 15 சதவீதம் ஏறியிருக்குன்னு எழுதுச்சு. பேட்டியையும் உத்தரவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா அந்த பிசினஸ் நல்லாப் புரியும்.

அடுத்து, சில நேரம் ஆள் மழுப்பறது அவர் மனசுல இருக்குற கள்ளத்தால இல்ல. ஐபிஓ, அதாவது முதல் தடவையா பங்கைப் பொதுமக்களுக்கு விக்கறது, வரப்போகுதுன்னா சட்டமே வாயைக் கட்டிடும், அமெரிக்க லிஸ்டிங்கா இருந்தா அந்தச் சமயத்துல கம்பெனியைப் பத்தி எதையாவது உயர்த்திப் பேசினா வில்லங்கம். அதனால வழக்கமா கலகலன்னு பேசுறவர் திடீர்னு மரக்கட்டை மாதிரி பேசினா தேதியைப் பாருங்க. சீனாவுல வேற காரணம். 2020 அக்டோபர் 24ம் தேதி ஷாங்காய்ல ஜாக் மா மேடையேறி, சீன பேங்குகள் அடகுக்கடை மனசோட நடக்குதுன்னு பேசினாரு. நவம்பர் 3ம் தேதி, அலிபாபாவோட சேர்ந்த நிதிக் கம்பெனியான ஆன்ட் குழுமத்தோட ஐபிஓவை நிறுத்திட்டாங்க, லிஸ்ட் ஆக ரெண்டு நாள் இருக்கும்போது. அவர் முகம் அடுத்த ஜனவரி வரைக்கும் வெளிய தெரியல. 2021 ஏப்ரல்ல அலிபாபாவுக்கு 1,820 கோடி யுவான் அபராதம். அந்த ஒரு பேச்சுதான் எல்லாத்துக்கும் காரணமாங்கறதுல ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கு. ஆனா அதுக்கப்புறம் சீன ஃபவுண்டர்கள் பேசுற தொனி மாறிடுச்சுங்கறதை நானே பாத்தேன். பேட்டி கேட்டு அனுப்பின மெயிலுக்கு முன்னாடி "அடுத்த மாசம்"னு பதில் வரும், அப்புறம் பதிலே வராது. 2021 மே மாசம், டிக்டாக்கை நடத்துற பைட்டான்ஸை ஆரம்பிச்ச ஜாங் யிமிங் சிஇஓ பதவியை விடுறேன்னு ஊழியர்களுக்கு எழுதினப்ப, நான் ஆளுங்களோட பழகுறதுல கெட்டிக்காரன் இல்ல, தனியா படிக்கிறது யோசிக்கிறதுதான் பிடிக்கும்னு எழுதினாரு. அது அவர் சுபாவமாவே இருக்கலாம், காலம் பாத்து எடுத்த முடிவாவும் இருக்கலாம், ரெண்டுமாவும் இருக்கலாம். அடிச்சு ஒண்ணைச் சொல்றவங்களை நான் நம்பறதில்ல.

இதுக்கு நேர் எதிர், சீனாவோட டெலிகாம் கம்பெனி ஹுவாவேயை ஆரம்பிச்ச ரென் ஜெங்ஃபெய். பல வருஷம் பத்திரிகைக்காரங்க கண்ணுல படாம இருந்தவர். 2018 டிசம்பர்ல அவர் மகள் மெங் வான்ஜோவை கனடாவுல கைது பண்ணினாங்க. 2019 ஜனவரியில இருந்து மனுஷன் வரிசையா உலகப் பத்திரிகைகளுக்கெல்லாம் பேட்டி குடுத்தாரு, கேள்வி பதிலை கம்பெனியே வெளியிட்டுச்சு. நான் எந்தப் பேட்டிக்குக் கேள்வி எழுதினாலும் முதல்ல கேட்டுக்கறது, இவர் ஏன் இப்ப பேசுறாருங்கறதுதான். புது ஃபண்டு தேடுறாரா, ஆள் எடுக்கறாரா, சட்டம் எதாச்சும் வரப்போகுதா, குடும்பத்துல யாருக்காவது ஆபத்தா. தேதியும் காரணமும் தெரிஞ்சா அதே பேச்சு வேற மாதிரி காதுல விழும்.

மொழி விஷயம். நம்ம ஊர்ல பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி காப்பியெல்லாம் சாப்பிட்டு "ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்"னு எழுந்தா என்ன அர்த்தம்னு வீட்டுல இருக்குற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒரு வெளிநாட்டுக்காரன் அப்படியே எழுதிக்கிட்டுப் போனா, தகவல் வரும்னு காத்துக்கிட்டு இருப்பான். நான் அப்படித்தான் காத்துக்கிட்டு இருந்தேன். டோக்கியோவுல ஒரு கம்பெனித் தலைவர்கிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்கு வருவீங்களான்னு கேட்டோம். அவர் பல்லிடுக்குல காத்தை இழுத்தாரு, தலையைச் சாய்ச்சாரு, ஒன்றரை நிமிஷம் பேசினாரு. மொழிபெயர்ப்பாளர் பத்து செகண்ட்ல "பரிசீலிக்கிறோம்னு சொல்றாரு"ன்னு முடிச்சாரு. பரிசீலனையில இருக்குன்னு எழுதிட்டோம். மறுநாள் அந்தக் கம்பெனியில இருந்து ரொம்ப மரியாதையா ஒரு மெயில், அப்படி ஒரு திட்டமே இல்லையேன்னு. கென்தோ ஷிமாஸ்னு ஜப்பான்காரங்க சொல்ற அந்தப் பரிசீலனை, பிசினஸ் பேச்சுல பெரும்பாலும் முடியாதுங்கறதோட மரியாதையான வடிவம். முசுகாஷீன்னா அகராதியில கஷ்டம்னு இருக்கும், பேச்சுல நடக்காதுன்னு அர்த்தம். இந்தோனேசியாவுல லாபம் வருதான்னு கேட்டா பெலும்னு சொல்வாங்க, இன்னும் இல்லன்னு அர்த்தம். நேரா இல்லன்னு சொல்றது நாகரிகம் இல்லேங்கறதால எல்லாத்துக்கும் இன்னும் இல்லதான். அது அடுத்த வருஷம் லாபம் வரும்ங்கற வாக்குறுதின்னு எழுதுறது தப்பு. அங்கயே அசால் பாபாக் செனாங்னு ஒரு சொலவடை உண்டு, ஐயா சந்தோஷப்பட்டா போதும்னு. கீழ இருக்குறவங்க மேல இருக்குறவருக்கு நல்ல செய்தியை மட்டும் சொல்றதைக் குறிக்கிற பேச்சு. அதனால தலைவரே உண்மையா நம்பித் தப்பான தகவலைப் பேட்டியில சொல்லவும் வாய்ப்பு இருக்கு, அவரைப் பொய்யர்னு சொல்ல முடியாது.

உங்க பஸ் நேரத்துக்கு எதைக் கேக்கலாம்னா, பதவியை விட்டு இறங்கினவங்க பேச்சைக் கேளுங்க, இல்லேன்னா வாய்மொழி வரலாறா நிதானமா பதிவு பண்ணினதைக் கேளுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது, தைவானோட சிப் தயாரிப்புக் கம்பெனி டிஎஸ்எம்சியை ஆரம்பிச்ச மோரிஸ் சாங் 2007ல அமெரிக்காவுல இருக்குற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்காகக் குடுத்தது. முழு எழுத்து வடிவமும் இலவசமா கிடைக்குது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல 25 வருஷம் இருந்துட்டு, 1985ல தைவானோட தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரா போறாரு. அரசாங்கம் சிப் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்லுது. அவர் உக்காந்து யோசிச்ச விதத்தைப் பாருங்க. தைவான்கிட்ட ஆராய்ச்சி பலம் இல்ல, டிசைன் பலம் இல்ல, காப்புரிமை இல்ல, உலகச் சந்தையில விக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. இருக்கறதா சொல்லக்கூடிய ஒரே பலம் உற்பத்தி. சரி, அடுத்தவன் டிசைனை வாங்கித் தயாரிச்சு மட்டும் குடுத்தா இந்த நாலு குறையும் குறையே இல்லாம போயிடுதேன்னு வந்து நிக்கறாரு. அப்படி ஒரு பிசினஸ் அன்னைக்கு உலகத்துல தனியா கிடையாது. இன்டெல்லும் அவர் பழைய கம்பெனியும் பணம் போட மறுத்துட்டாங்க, ஃபிலிப்ஸ்தான் போட்டுச்சு, 1987ல கம்பெனி ஆரம்பம், அப்ப அவருக்கு 55 வயசு தாண்டியாச்சு. இதுல கனவும் வராது, டிவியும் உடையாது. இல்லாததை எல்லாம் வரிசையா எழுதி அடிச்சுட்டே வந்து மிச்சத்துல ஒரு தொழிலைக் கண்டுபிடிக்கிறாரு. நீங்க உங்க வேலைக்கே ஒரு பேப்பர் எடுத்து அதே மாதிரி எழுதிப் பாக்கலாம், நான் பாத்திருக்கேன், அரை மணி நேரத்துல எனக்கு ரெண்டு ஆசை உதிர்ந்து போச்சு.

2018ல ஓய்வு வாங்கினப்புறம் அவர் பேச்சு இன்னும் நேரா ஆச்சு. 2022 ஏப்ரல்ல ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனத்தோட பேட்டியில, அமெரிக்கா உள்ளூர்ல சிப் தயாரிப்பைப் பெருக்க நினைக்கிறது வீண் செலவு, பலிக்காத முயற்சின்னு சொன்னாரு. சும்மா அபிப்பிராயமா சொல்லல, அமெரிக்காவுல நாங்களே 25 வருஷமா ஒரு ஃபேக்டரி நடத்துறோம், அதே சிப்புக்கு அங்க 50 சதவீதம் செலவு கூடன்னு கணக்கோட சொன்னாரு. அதே கம்பெனி அரிசோனாவுல புது ஃபேக்டரி கட்டிக்கிட்டு இருந்த நேரம் அது. பதவியில இருக்குறவர் வாயில இருந்து இது வந்திருக்காது. அவர் கணிப்பு சரியா தப்பாங்கறது வேற விவாதம், காலம் முடிவு பண்ணட்டும். நான் சொல்றது, பேசினா தனக்கு என்ன நஷ்டம்னு தெரிஞ்சும் ஒருத்தர் பேசுற இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, மூடிட்டுப் போன கம்பெனிக்காரங்க பேச்சு. அது கம்மியாதான் கிடைக்கும், ஏன்னா அவங்களை யாரும் கூப்பிடறதில்ல. நீங்க இத்தனை நாள் கேட்டதெல்லாம் கரையேறினவங்க பேச்சு. விடாம முயற்சி பண்ணினேன் ஜெயிச்சேன்னு அவங்க சொல்லும்போது, அதே அளவு விடாம முயற்சி பண்ணி முங்கிப் போனவங்க மைக் முன்னாடி இல்லேங்கறதை நாமதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

கடைசியா உங்க சொந்தப் பேட்டி ஆசை. தாராளமா பண்ணுங்க, நல்லா வரும்னு நினைக்கிறேன், ஏன்னா உங்க ஊர்க்காரங்க "பாக்கலாம்"னு சொன்னா அதுல எந்தப் பாக்கலாம்னு உங்களுக்குத் தெரியும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். ஆபீஸ் ரூம்ல உக்கார வைக்காதீங்க, வேலை நடக்குற இடத்துல நின்னுக்கிட்டே பேசச் சொல்லுங்க, கைக்கு எட்டுற தூரத்துல பொருள் இருந்தா எடுத்துக் காட்டிப் பேசுவாங்க. எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கேட்டுத் தொடங்காதீங்க. முதல்ல உங்ககிட்ட வந்து அப்புறம் வேண்டாம்னு போன கஸ்டமர் யாரு, எதுக்குப் போனாங்க, அதுக்கப்புறம் நீங்க என்ன மாத்தினீங்கன்னு கேளுங்க. முதல் மாசச் சம்பளம் எந்தப் பணத்துல குடுத்தீங்கன்னு கேளுங்க. பேர் சொல்லத் தயங்கினா பேரை விட்டுடுங்க, பொருள் என்ன, எவ்வளவு நஷ்டம்னு மட்டும் கேட்டுக்கோங்க. எண் எதாச்சும் சொன்னா, இது வித்த தொகையா, கைக்கு வந்த தொகையா, மிஞ்சின தொகையான்னு அங்கயே கேட்டுடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கேட்டப்புறம் பதில் வர லேட்டாகும், எட்டு செகண்ட், பத்து செகண்ட் கூட ஆகும். அந்த நேரத்துல நாமளா ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா அவங்க அதையே பிடிச்சுக்கிட்டுப் பழைய கதைக்குப் போயிடுவாங்க. நான் மேஜைக்குக் கீழ விரலை மடக்கி எண்ணிக்கிட்டு இருப்பேன். அந்த சுரபாயா ரெக்கார்டிங்கை டைப் பண்ணினப்ப பாத்தேன், கேள்விக்கும் "டேப்"புங்கற வார்த்தைக்கும் நடுவுல 11 செகண்ட் ஃபேன் சத்தம் மட்டும்தான் இருந்துச்சு.